கொசுறாய்ப் போன பித்தளைக் கட்டை

சனிக்கிழமை கம்பெனி வண்டி வந்து லேசர் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அண்ணன் அறிவித்தபோது, பொடிசு பின்னறையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்து ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரின் மூக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். மூக்கு மரப்பலகையில் எங்கேயோ இருந்தது. போட்டோவில் எடுப்பான மூக்கு. கம்ப்யூட்டரிலும் அப்படியே இருந்தது. மிஷினுக்குள் போய் வெளியே வந்தபோது மூக்கு, கன்னம், மீசை எல்லாம் கூட்டுக் குடும்பமாகி ஒரே கரியாக உட்கார்ந்திருந்தன.

பொடிசு என்று பெயர் வைத்த காலத்தில் அவள் பொடிசாகத்தான் இருந்தாள். இப்போது மேல்தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுக்க வேண்டுமென்றால் அண்ணன் ஸ்டூலைத் தேடுவார், பொடிசு கையை நீட்டுவாள். ஆனாலும் வீட்டில் ஒட்டிய பெயர் கடைக்கு வந்து, கடையிலிருந்து தெருவுக்கும் போய்விட்டது. பத்திரிகை போடுகிறவர்கூட 'பொடிசம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

கடை பரிசுக் கோப்பை விற்கும் கடை. ஓடி ஜெயித்தவனுக்குக் கோப்பை, உட்கார்ந்தே வேலையை முடித்து ஓய்வு பெறுகிறவனுக்கு ஷீல்டு, இரண்டும் செய்யாமல் தலைமை தாங்க வருகிறவருக்கு நினைவுப்பரிசு. முன்னால் கவுண்டரில் அண்ணன். அவருக்குப் பக்கத்தில் பார்சல் கட்டிக்கொண்டு அண்ணி. பின்னறையில் மரத்தில் முகத்தைச் சுட்டுப் பதிக்கிற லேசர் மிஷின், மிஷினுக்கு முன்னால் பொடிசு. மிஷின் வருவதற்கு முன் அவள் வேலை, கோப்பைகளுக்குத் தூசி தட்டுவது, தட்டி முடித்ததும் முதல் கோப்பையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பது. மிஷின் வந்த பிறகுதான் அவளுக்கென்று ஒரு கதவும், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளும், சாய்ந்துகொள்ள முதுகுள்ள நாற்காலியும் கிடைத்தன. வாடிக்கையாளர் கவுண்டரில் நின்று "உள்ளே இருக்கிற அம்மாவைக் கூப்பிடுங்க" என்று கேட்டதும் அதற்குப் பிறகுதான். திட்டுவதற்குத்தான் கூப்பிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கல்யாண ஜோடியின் படத்தைப் பதித்துக் கொடுத்தாள். பரிசாக வாங்கிப்போனவர் திரும்பி வந்து, இதில் பெண் எது மாப்பிள்ளை எது என்று மேடையில் கேட்டுவிட்டார்கள் என்றார். நாயின் முகம் கேட்ட ஒருவருக்கு வந்தது கரடியாக இருந்தது. அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பயமாக இருக்கிறது, கேட்டில் மாட்ட இதுவே நல்லது என்று எடுத்துப் போனார். அந்த ஒருவர்தான் மனநிறைவோடு போனவர். பொடிசு சும்மா இருக்கவில்லை. பவரைக் கூட்டிப் பார்த்தாள், இன்னும் கரிந்தது. வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள், வெளிறிப்போனது. கண்ணாடிகளைத் துடைத்தாள், லென்ஸைத் துடைத்தாள், துடைத்த துணியையும் துவைத்தாள். கரண்ட் சரியில்லை என்றாள், மரம் ஈரம் என்றாள். கரியாக்குவதற்கு இவ்வளவு பெரிய மிஷின் எதற்கு, என்னிடம் கொடுத்திருந்தால் அடுப்பிலேயே வைத்து எடுத்துக் கொடுத்திருப்பேனே என்றாள் அண்ணி.

கம்பெனிக்காரனைக் கேட்கலாமே என்றால், அதற்கும் வழியில்லாமல் செய்து வைத்திருந்தார் அண்ணன். மிஷினை வாங்கிய அன்று கம்பெனி ஆள் அதை ஓட்டிக் காட்டினார். விளக்கம் சொன்ன அதே வாயால் அண்ணனுடைய பேரத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆக, "இந்த ஸ்க்ரூவைத் தளர்த்தி..." என்று அவர் ஆரம்பித்த பாடம் "அந்த விலைக்குக் கட்டாதுங்க" என்று முடிந்தது. அவர் செய்து காட்டிய மாதிரிப் பலகையில் முடியளவு கோடு விழுந்திருந்தது, அதை மட்டும் பொடிசு கண்ணால் பார்த்தாள். விலையில் இதற்குமேல் இறங்க முடியாது, கடைக்கு வந்து ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறோம் என்றது கம்பெனி. சொல்லிக்கொடுப்பதை வைத்துக்கொண்டு அண்ணன் என்ன செய்வார்? அதை அலமாரியில் வைக்க முடியுமா, விற்க முடியுமா? அதற்குப் பதிலாக ஒரு கட்டு அக்ரிலிக் ஷீட் கொடுங்கள் என்று மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கம்பெனிக்காரனை மடக்கிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்போது அதே கம்பெனியிடம் பேசி, லேசர் மிஷினைக் கொடுத்துவிட்டு ஜெராக்ஸ் மிஷின் வாங்க முடிவாகியிருந்தது. ஜெராக்ஸ் என்றால் மூக்கு மூக்காகவே வரும், பட்டனை அமுக்கினால் போதும், அதை அண்ணியே பார்த்துக்கொள்வாள். பொடிசு பழையபடி முன்னால் வரலாம். தூசி அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அன்று மதியமே வக்கீலம்மா வந்தார்.

வக்கீலம்மா தெருக்கோடியில் மாடியில் ஆபீஸ் வைத்திருப்பவர். கோர்ட்டில் எப்படியோ தெரியாது, கடைவாசலில் அவர் கால் வைத்தாலே வியாபாரிகள் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சரிசெய்துகொள்வார்கள். விலையைக் கேட்க மாட்டார், அவரே சொல்வார். சொன்ன விலைக்குக் கொடுத்த பிறகு, கொசுறாக என்ன தருகிறீர்கள் என்பார். கொசுறு வாங்காமல் அவர் ஒரு கடையை விட்டு இறங்கியதாகத் தெருவில் யாருக்கும் நினைவில்லை. அண்ணன் உலகத்தில் மதித்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். கொசுறு கொடுப்பதில் அண்ணனுக்கும் ஒரு கொள்கை உண்டு. தன் கைக்காசு போட்டு வாங்கியதைக் கொசுறாகக் கொடுக்கக் கூடாது, தனக்குக் கொசுறாக வந்ததைத்தான் கொடுக்க வேண்டும். அப்படி வந்ததையெல்லாம் போட்டு வைக்க கவுண்டருக்குக் கீழே ஒரு டிராயர் வைத்திருந்தார்.

வக்கீலம்மா துணியில் சுற்றிய ஒரு பலகையைக் கவுண்டரில் வைத்து அவிழ்த்தார். பழைய தேக்கு. ஒரு சின்ன எழுதுமேசையின் மேல்மூடி. அவருடைய அப்பா ஆயுசு முழுக்க அதன்மேல் எழுதியவர். மேசையின் கால்களைக் கரையான் தின்றது போக மிச்சம் இதுதான். இதில் அப்பாவின் முகத்தைப் பதித்துத் தரவேண்டும், ஆபீஸில் தன் நாற்காலிக்கு மேலே மாட்டப்போகிறேன் என்றார். பொய் சொல்ல வருகிற கட்சிக்காரர்கள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்பது அவர் எண்ணம். கூடவே ஒரு போட்டோ. போட்டோவில் அப்பா பார்த்த பார்வையில் அண்ணன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்.

மிஷின் சனிக்கிழமை போகிறது, இந்த வேலையை எடுக்காதீர்கள் என்று அண்ணி கண்ணால் சொன்னாள். ஆனால் கடைக்குள் வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு படியிறங்க விடுவது அண்ணனின் உடம்பு ஒப்புக்கொள்ளாத காரியம். முடியளவு கோடு வரும், அப்பா பேசுவது மட்டும்தான் பாக்கி என்கிற அளவுக்குப் பேசிவிட்டார். வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும், உள்ளே கதவருகில் நின்ற பொடிசைப் பார்த்தார்.

"இந்தப் பலகைக்கு இன்னொண்ணு கிடையாது," என்றார். "எங்கப்பாவுக்கும் இன்னொண்ணு கிடையாது. ஞாபகம் வெச்சுக்கோ."

அவர் போன பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் பேரம் நடந்தது. இந்த ஒரு வேலை சரியாக வந்தால் மிஷின் போகக் கூடாது என்றாள் பொடிசு. வராவிட்டால் என்று கேட்டார் அண்ணன். வராவிட்டால் வண்டியில் மிஷினை நானே ஏற்றிவிடுகிறேன், ஜெராக்ஸ் மிஷினைத் துடைத்தும் வைக்கிறேன் என்றாள். அண்ணன் மோவாயைத் தடவினார். சரியாக வந்தால் கடைக்குப் பெயர், கெட்டுப்போனால் பழி மிஷினுக்கு. எப்படிப் பார்த்தாலும் தனக்கு நஷ்டமில்லாத பேரம் என்று ஒப்புக்கொண்டார். வக்கீலம்மா கேஸ் போட்டால் யார் பெயரில் போடுவார் என்பதை அண்ணி ஞாபகப்படுத்திய பிறகுதான் அவருக்கு வியர்த்தது.

பொடிசு தேக்குப் பலகையை மிஷின் பக்கமே கொண்டுபோகவில்லை. துணியைச் சுற்றி அலமாரியின் மேல் வைத்தாள். பழகிப் பார்க்கக் கழிவுக் கட்டைகளைத் தேடினாள். நல்லவை எல்லாம் ஏற்கெனவே கரியாகியிருந்தன. மூலையில் ஒரு பலகை மிச்சம் இருந்தது, மழையில் நனைந்து அப்பளமாக நெளிந்தது. வேறு வழியில்லாமல் அதையே மிஷினுக்குள் வைத்து, வரிசையாக நேர்கோடுகள் போட்டாள்.

கோடுகள் வந்தன. இரண்டு ஓரத்திலும் வழக்கம்போல விரலால் மை இழுத்தாற்போலத் தடிப்பாக இருந்தன. ஆனால் பலகை மேடாகப் புடைத்திருந்த நடுவில் மட்டும் ஒவ்வொரு கோடும் மெலிந்து, மெலிந்து, முடியாகி, மறுபடி தடித்து அந்தப் பக்கம் போனது. பொடிசு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். கண்ணாடியை எடுத்துவிட்டும் பார்த்தாள். ஒரே மிஷின், ஒரே பவர், ஒரே வேகம், ஒரே மரம். மாறினது உயரம் மட்டும்தான். பலகை லென்ஸுக்குப் பக்கத்தில் போன இடத்தில் கோடு கூர்மையாக விழுந்திருக்கிறது. தள்ளி நின்ற இடத்தில் பரவிப் பொசுங்கியிருக்கிறது. அவள் இதுநாள்வரை மெலிசு, தடிமன் என்று எந்தப் பலகையை வைத்தாலும் மிஷினின் தலையை வந்த நாளில் இருந்த உயரத்திலேயே விட்டு வைத்திருந்தாள். அதை ஏற்றி இறக்கலாம் என்பதே அந்த ஸ்க்ரூவைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. "இந்த ஸ்க்ரூவைத் தளர்த்தி" என்பதற்கும் "கட்டாதுங்க" என்பதற்கும் நடுவில் தொலைந்துபோன பாடம் அதுதான்.

அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கம்பெனி ஆள் ஓட்டிக் காட்டுவதற்கு முன், மஞ்சளாகப் பளபளத்த ஒரு சின்னக் கட்டையைப் பலகைமேல் நிறுத்தினார். மிஷினின் தலையை அது தொடும்வரை இறக்கினார். ஸ்க்ரூவை முடுக்கினார். கட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அது அளவுக்கட்டை, மிஷினோடும் ஒன்று வந்திருக்க வேண்டும்.

பொடிசு முன்னால் போய் அண்ணனைக் கேட்டாள். மிஷின் பெட்டியில் பித்தளையில் ஒரு சின்னக் கட்டை வந்ததா?

அண்ணன் யோசித்தார். வந்தது, சதுரங்கக் காய் மாதிரி ஒன்று. எதற்கென்று தெரியவில்லை. பில்லில் அதற்குத் தனியாக விலை போடவில்லை, எனவே அது கொசுறு. கொசுறாக வந்தது எங்கே போகும்? டிராயருக்குப் போனது. டிராயருக்குப் போனது அங்கேயே இருக்குமா? மிஷின் வந்த வாரமே வக்கீலம்மா ஒரு ஷீல்டு வாங்க வந்தார், கொசுறு கேட்டார்.

"இம்போர்ட்டட் பேப்பர்வெயிட்டுன்னு சொல்லிக் கொடுத்தேன்," என்றார் அண்ணன். அவ்வளவு நல்ல வியாபாரத்தை நினைத்துப் பார்த்த பூரிப்பு குரலில் கொஞ்சம் இருந்தது. பொடிசின் முகத்தைப் பார்த்ததும் அதை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். புதுக்கட்டை வெளியூரிலிருந்து வரவேண்டும், அடுத்த மாதம் ஆகும், சனிக்கிழமை எப்படியும் மிஷினையே எடுக்கப்போகிறோமே, கட்டை எதற்கு என்று நியாயமாகக் கேட்டார்கள். அட்டைகளை அடுக்கி, ஏற்றி இறக்கி உயரத்தைத் தேடலாம்தான். ஆனால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அலைந்தால் சனிக்கிழமை தாண்டிவிடும். இன்னொன்று இல்லாத பலகையில் குருட்டாம்போக்காகக் கை வைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

கட்டையைக் கேட்க இருவரும் வக்கீலம்மாவின் ஆபீஸுக்குக் கிளம்பும் முன் அண்ணன் திட்டம் சொன்னார். கட்டை தேவை என்று மட்டும் மூச்சு விடக் கூடாது. தேவை என்று தெரிந்தால் விலை ஏறும், அது உலக வழக்கம். அதைவிட முக்கியம், அது இல்லாமல்தான் இத்தனை நாளும் தொழில் செய்தோம் என்று தெரிந்தால் வக்கீலம்மா பலகையைத் திருப்பிக் கேட்பார். எனவே பரிமாற்றம். ஷோகேஸிலிருந்து கண்ணாடியில் ஒரு உலக உருண்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். கைக்காசு போட்டு வாங்கிய உருண்டை. கொள்கையை அவர் மீறியதை அண்ணி முதல்முறையாகப் பார்த்தாள். பார்சல் கட்டிக் கொடுத்தாள்.

வக்கீலம்மாவின் ஆபீஸில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. மேசையில் காகிதக் கட்டுகள் எல்லாம் பறக்கத் தயாராக இருந்தன. நடுக்கட்டின்மேல் பித்தளைக்கட்டை ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வெயில், தெருக் குப்பை, பொது நியாயம் எல்லாவற்றையும் கொஞ்சம் பேசினார். பிறகு கண்ணாடி உருண்டையை எடுத்து வைத்து, உங்கள் மேசைக்கு அந்தச் சின்ன பேப்பர்வெயிட் எடுப்பாக இல்லை, கண்ணை உறுத்துகிறது, இதை வைத்துக்கொள்ளுங்கள், அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

வக்கீலம்மா உருண்டையைக் கையில் எடுத்தார். எடை பார்த்தார். கீழே வைத்தார்.

"பெரிசைக் கொடுத்துட்டுச் சின்னதைக் கேக்குறீங்க," என்றார். "அப்போ விஷயம் சின்னதுலதான் இருக்கு."

அண்ணன் சிரித்தார். அது தோற்றுப்போகத் தொடங்கும்போது அவர் சிரிக்கிற சிரிப்பு என்று பொடிசுக்குத் தெரியும். உருண்டையோடு, கடையிலிருந்து அனுப்புவதாக, ஒரு பேனா ஸ்டாண்டு சேர்த்தார். வக்கீலம்மா அசையவில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்று சேர்த்தார். சேர்க்கச் சேர்க்கப் பித்தளைக் கட்டையின் மதிப்பு வக்கீலம்மாவின் கண்ணில் ஏறிக்கொண்டே போனது. கொசுறு என்று ஒருவர் மனமாரக் கொடுத்ததை இன்னொருவர் வாங்கிக்கொண்ட பிறகு அது யாருடையது என்று, சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்று, அவர் நிதானமாக விளக்க ஆரம்பித்தார்.

இதற்கிடையில் பொடிசு கையை நீட்டிக் கட்டையை எடுத்தாள். அழகாக இருக்கிறது என்றாள். அழகாக இருந்ததால் மேசைமேல் நிறுத்தி, தன் பேனாவைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். கட்டையின் தலை முடிகிற இடத்தில் பேனாவின் பிளாஸ்டிக்கில் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒரு கீறல் போட்டாள். பிறகு கட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது பித்தளை இல்லை, உயரம். உயரம் வந்துவிட்டது.

அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினாள். பேரத்தில் இறங்கியிருக்கும்போது யார் கண்ணைக் காட்டினாலும், இன்னும் அழுத்து என்றுதான் அண்ணன் எடுத்துக்கொள்வார். அழுத்தினார். கடையின் பாதியைக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்து பொடிசு குறுக்கே பேசினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். பலகையோட பின்பக்கம் சுவத்தைப் பாத்துதானே இருக்கும். அதுல ஓரமா கொஞ்சம் பழகிப் பாக்கட்டுமா?"

அண்ணன் வாயை மூடினார். வக்கீலம்மா திரும்பினார். "முன்பக்கம் சரியா வரும்னு உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"பின்பக்கம் பாத்துட்டா இருக்கும்."

வக்கீலம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாட்சியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு, சுவருக்குக் கண் இல்லை, செய்துகொள் என்றார். அண்ணனிடம், உருண்டையை எடுத்துக்கொண்டு போங்கள், கடிகாரமும் வேண்டாம், நேரம் எனக்குத் தெரியும் என்றார்.

படி இறங்கும்போது அண்ணன் நொந்துபோயிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வெறுங்கையோடு ஒரு பேரத்திலிருந்து இறங்குகிறார். பொடிசு பேனாவைக் காட்டிக் கீறலை விளக்கினாள். அண்ணன் பேனாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ கடிகாரத்தை எதுக்கு நான் சேர்த்தேன்?"

"அது எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

பின்னறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு பொடிசு வேலையைத் தொடங்கினாள். நகக்கீறலுக்கும் ஒரு தடிமன் உண்டு. எனவே, அண்ணன் மடக்கிக் கொண்டுவந்த அக்ரிலிக் ஷீட்டிலிருந்து, கீறலின் மேல்விளிம்பு அளவுக்கு ஒரு துண்டு, நடுவுக்கு ஒன்று, கீழ்விளிம்புக்கு ஒன்று என்று மிஷினிலேயே வெட்டினாள். சொல்லிக்கொடுக்க வர வேண்டிய ஆளுக்குப் பதிலாக வந்த ஷீட், கடைசியில் அந்த ஆளின் வேலையைச் செய்தது. ஒவ்வொரு துண்டையும் கழிவுக் கட்டைமேல் நிறுத்தி, தலையை அது தொடும்வரை இறக்கி, ஸ்க்ரூவை முடுக்கி, துண்டை எடுத்துவிட்டுக் கோடு போட்டாள். நடு அளவுதான் சரியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கீழ்விளிம்புத் துண்டில்தான் கோடு முடியாக விழுந்தது. மற்ற இரண்டையும் குப்பையில் போட்டாள். வைத்திருந்தால் அண்ணன் டிராயரில் போட்டு வைப்பார்.

பிறகு தேக்கு. பின்பக்க மூலையில் சின்னச் சின்னக் கட்டங்களாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் பவரைக் கொஞ்சம் மாற்றிப் பதித்துப் பார்த்தாள். பழைய அளவுகள் எல்லாம் அதிகம். தள்ளி நின்றபோது கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததை, பக்கத்தில் வந்த பிறகு காதோடு சொன்னாலே மரம் கேட்டுக்கொண்டது. பவரைப் பாதிக்கும் கீழே இறக்கினாள், வேகத்தைக் கூட்டினாள். பழைய பாலிஷ் புகைந்து மரத்தில் மஞ்சள் கறை படிவதைப் பார்த்து, மேலே காகித டேப்பை ஒட்டி அதற்கு ஊடாகப் பதித்தாள். உரித்தபோது கறை டேப்போடு போயிற்று. ஆனால் முகத்தின் மெல்லிய நிழல்களை டேப் விழுங்கியது. ஆகவே டேப் முகத்தைச் சுற்றி மட்டும், முகத்துக்கு வேண்டாம். முகம் வரப்போகிற இடத்தில் பாலிஷைச் சுரண்டி எடுத்துத் துடைத்தாள். இதையெல்லாம் சுவரைப் பார்க்கப்போகிற பக்கத்தில் கற்றுக்கொண்ட பிறகு, பலகையைத் திருப்பினாள்.

திருப்பியதும் அக்ரிலிக் துண்டை மறுபடி நிறுத்தி உயரத்தைப் பார்த்தாள். நான்கு மூலையிலும் பார்த்தாள். ஒரு மூலை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அடியில் ஒரு அட்டை கொடுத்தாள். மறுபடி பார்த்தாள்.

கதவு தட்டப்பட்டது. அண்ணன். கூடவே அண்ணி. கவுண்டரில் யாரும் இல்லையே என்றாள் பொடிசு. யாராவது வந்தால் கூப்பிடுவார்கள் என்றார் அண்ணன். கடை தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

மிஷின் மேலிருந்து தொடங்கியது. முதலில் முடி வந்தது. முடி எப்போதும் வரும், கரியே முடி மாதிரிதான் இருக்கும், அதில் பெருமை இல்லை. நெற்றி வந்தது, நெற்றியில் மூன்று சுருக்கம் தனித்தனியாக வந்தது. அண்ணன் மூடிக்கு மேலே குனிந்து, வா, வா, இன்னும் கொஞ்சம் என்று முணுமுணுத்தார். யாரிடம் பேரம் பேசுகிறார் என்று தெரியவில்லை. புருவம் வந்தது. கண் வந்ததும் அண்ணன் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். பொடிசு யாரையும் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே மிஷினின் தலை போய்ப் போய் வந்துகொண்டிருந்த அந்த ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கு வந்தது.

ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல், மூக்குத்தண்டில் கண்ணாடிச் சட்டம் அழுத்தின தழும்பு. அவள் நாற்காலியின் முதுகில் சாய்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு மீசையும் மோவாயும் வந்ததை மற்ற இரண்டு பேரும்தான் பார்த்தார்கள்.

டேப்பை உரித்துத் துடைத்து நிமிர்த்தி வைத்ததும் அண்ணி எட்டி நின்று பார்த்தாள்.

"யாருங்க இவரு, நம்மளை இப்படி முறைக்கிறாரு?"

அந்த மிஷினிலிருந்து வந்த ஒன்றைப் பார்த்து, இது என்ன என்று கேட்காமல் இது யார் என்று அண்ணி கேட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை கம்பெனி வண்டியும் வக்கீலம்மாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தார்கள். வண்டிக்காரரை அண்ணன் வாசலிலேயே மடக்கினார். மிஷின் வராது, ஜெராக்ஸும் வேண்டாம், ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், வந்ததற்கு மிஷின் துடைக்கிற துணி ஒரு பாக்கெட்டாவது கொடுத்துவிட்டுப் போங்கள் என்று ஆரம்பித்தார்.

உள்ளே வக்கீலம்மா கவுண்டரில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து நின்றிருந்தார். பொடிசு பலகையைக் கொண்டுவந்து துணியை எடுத்தாள். சாய்ந்து நின்றவர் நேராக நின்றார். புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். பலகையைத் திருப்பிப் பின்பக்கத்துக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"எங்கப்பாவுக்கு இந்தத் தழும்பு இருந்ததே மறந்து போச்சு," என்றார்.

பொடிசு சொன்ன விலையை அப்படியே எடுத்து வைத்தார். வாசலிலிருந்து உள்ளே வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்தார். போதாக்குறைக்கு வக்கீலம்மா கொசுறும் கேட்கவில்லை. கைப்பைக்குள் கையை விட்டார். பித்தளைக்கட்டையை எடுத்துக் கவுண்டரில், பொடிசுக்கு நேராக, நிறுத்தினார்.

"நீ பேனாவுல நகத்தால கீறினதைப் பாத்தேன்."

பொடிசு கொஞ்சம் யோசித்தாள். "அப்பவே கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களா மேடம்?"

"மாட்டேன்," என்றார் வக்கீலம்மா. "இப்போ கொடுக்கிறேன். உனக்குக் கொசுறு."

பலகையைத் தானே தூக்கிக்கொண்டு, முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, தெருவில் நடந்து போனார். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பொடிசு பித்தளைக்கட்டையை உள்ளே எடுத்துப் போகவில்லை. பின்னறையில் அவள் அக்ரிலிக் துண்டில் ஓட்டை போட்டு, மிஷினின் காலோடு சங்கிலி வைத்துப் பூட்டியிருந்தாள், தபாலாபீஸில் பேனாவைக் கட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. சாவி அவள் இடுப்பில் இருந்தது. பித்தளைக்கட்டை கவுண்டரிலேயே கொஞ்ச நேரம் நின்றது. சாயங்காலம் அண்ணன் அதை எடுத்து, சட்டையில் துடைத்து, டிராயருக்குள் போட்டார்.

அடுத்த வாரம் ஒரு பல் டாக்டர் தன் மாமனாரின் முகத்தைப் பதித்து வாங்க வந்தார். மூக்கு சரியாக வந்திருப்பதாக ஒப்புக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு, கூட ஏதாவது போட்டுத் தரக் கூடாதா என்று இழுத்தார். பின்னறையில் பொடிசுக்கு டிராயர் திறக்கிற சத்தம் கேட்டது.

"இம்போர்ட்டட் பேப்பர்வெயிட்டுங்க," என்று அண்ணன் சொல்வது கேட்டது. "சும்மா சொல்லலை. ஒரு பெரிய வக்கீல் மேசையில இருந்தது."

பொடிசு திரும்பிப் பார்க்கவில்லை. சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, துண்டை அடுத்த பலகையின்மேல் நிறுத்தினாள்.